காட்டுப் பாதையில் லெட்டர்பாக்ஸ் தேடல்: கேள்வி பதில்

கேள்வி: இதில் அப்படி என்னதான் தேடுகிறீர்கள்?

பதில்: ஒருவர் ஒரு டப்பாவில் ரப்பர் முத்திரையையும் குறிப்பேட்டையும் வைத்து மறைத்துவிட்டு, அதை அடையும் வழியைத் துப்புகளாக எழுதி வெளியிடுகிறார். இந்த டப்பாதான் லெட்டர்பாக்ஸ். கண்டுபிடிப்பவர் அந்த முத்திரையைத் தம் நோட்டிலும், தம் சொந்த முத்திரையை டப்பாவிலுள்ள ஏட்டிலும் பதித்துவிட்டு, எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துத் திரும்ப வேண்டும். இங்கிலாந்தின் டார்ட்மூரில், 1854-இல், ஜேம்ஸ் பெராட் என்ற வழிகாட்டி கிரான்மியர் பூல் என்னும் ஒதுக்குப்புறமான இடத்தில் ஒரு பாட்டிலை வைத்து, அந்த இடம் வரை நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுச் செல்ல வழி செய்ததே இதன் தொடக்கம்.

கேள்வி: துப்பில் 'மரப்பாலத்திலிருந்து பட்ட மரம் வரை 30 அடிவைப்பு, அங்கிருந்து 140 டிகிரியில் 40' என்று இருக்கிறது. யாருடைய அடிவைப்பு?

பதில்: எழுதியவருடையது. சிலர் ஒவ்வொரு எட்டையும் எண்ணுவார்கள். சிலர் வலது கால் ஊன்றும்போது மட்டும் எண்ணுவார்கள். உங்கள் துப்பிலேயே இதற்கு விடை இருக்கிறது: பாலமும் பட்ட மரமும் ஐயமின்றித் தெரிபவை என்பதால், அந்த முதல் தூரத்தை நடந்து எண்ணிப் பாருங்கள். அவருடைய 30 உங்களுக்கு 36 ஆனால், அடுத்து வரும் 40-ஐ நீங்கள் 48-ஆக நடக்க வேண்டும். புறப்படும் முன் துப்பைக் கடைசி வரி வரை படித்துவிடுங்கள். 'ஓடை இடப்பக்கம் இருக்கட்டும்' என்ற எச்சரிக்கை பலமுறை இறுதியில்தான் வரும். டப்பா இருக்கும் பொந்தை அடைந்ததும், கையை விடும் முன் கண்ணால் பாருங்கள்.

கேள்வி: 140 டிகிரி என்பது காந்த வடக்கிலிருந்தா, வட துருவம் இருக்கும் உண்மை வடக்கிலிருந்தா?

பதில்: துப்பு எழுதுபவர் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டியது இது. சொல்லாவிட்டால், திசைகாட்டியின் முள் காட்டும் காந்த வடக்கு என்றே கொண்டு முதலில் நடந்து பாருங்கள்.

கேள்வி: இது வீண் நுணுக்கம். எங்கள் பகுதியில் இரண்டு வடக்குகளுக்கும் ஒரு டிகிரிகூட வேறுபாடு இல்லை.

பதில்: உங்கள் பகுதிக்கு நீங்கள் சொல்வது சரி, 100 மீட்டரில் ஒரு டிகிரிப் பிழை ஏறத்தாழ 1.75 மீட்டர்தான் விலக்கும். ஆனால் வேறுபாடு 10 டிகிரியைத் தாண்டும் நிலப்பரப்புகள் உலகில் உண்டு. அங்கே அதே 100 மீட்டரில் 17 மீட்டருக்கு மேல் விலகிப்போய், சம்பந்தமே இல்லாத மரத்தடியைக் கிளறிக்கொண்டிருப்பீர்கள். கிளறப்பட்ட பாசியும் மிதிபட்ட செடிகளும் மீண்டு வர நெடுநாளாகும் என்பதால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கேள்வி: இப்போது எல்லோரும் கைபேசித் திசைகாட்டிதானே வைத்திருக்கிறார்கள்? அது தானே சரிசெய்துகொள்ளும். விவாதம் எதற்கு?

பதில்: பல கைபேசிகளில் இரண்டில் எந்த வடக்கு வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்க முடியும். உங்கள் கைபேசி எதைக் காட்டுகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவரை அது எதையும் சரிசெய்துவிட்டதாகக் கொள்ள முடியாது. துப்பு எழுதுபவர் 'காந்த வடக்கு' என்று இரண்டே சொற்களைச் சேர்த்துவிட்டால் இந்த விவாதத்துக்கே இடமில்லை.

கேள்வி: ஜி.பி.எஸ். எண்களை நேரடியாகக் கொடுத்துவிடலாமே?

பதில்: அது 2000-இல் தொடங்கிய ஜியோகேச்சிங். அதைப் பற்றி அதில் ஈடுபட்டவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: சரியான இடத்துக்கு வந்தும் டப்பா கிடைக்கவில்லை. என்ன செய்வது?

பதில்: நின்ற இடத்திலிருந்து வட்டத்தை விரித்துக்கொண்டே போகாதீர்கள். ஐயமில்லாத கடைசி அடையாளத்துக்குத் திரும்பி, அங்கிருந்து மீண்டும் எண்ணி வாருங்கள். பிறகு எதையும் தொடாமல் சுற்றிலும் பாருங்கள்: தானாக உதிராத முறையில் ஒரே திசையில் கிடக்கும் குச்சிகள், வேர்களுக்கிடையே பொருத்தி வைத்தது போன்ற தட்டையான கல், அருகில் அதே மரம் இல்லாத இடத்தில் கிடக்கும் பட்டைத் துண்டு. மனிதக் கை பட்ட இடம் இப்படித்தான் தெரியும்.

கேள்வி: எனக்கும் டப்பா கிடைக்கவில்லை.

பதில்: மேலே உள்ள விடையைப் படியுங்கள்.

கேள்வி: குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் பொந்துக்குள் முதலில் பார்வை, பிறகு குச்சி, கடைசியாகப் பெரியவர் கை.

கேள்வி: நானே ஒரு டப்பா வைக்க விரும்புகிறேன்.

பதில்: நிலத்துக்குரியவரிடம் அனுமதி பெறுங்கள். மண்ணைத் தோண்டாதீர்கள், தொல்பொருள் சின்னங்களின் கற்களில் ஒளிக்காதீர்கள். உணவு இருந்த டப்பா வேண்டாம், வாசனைக்கு விலங்குகள் கடித்துவிடும். முத்திரையையும் ஏட்டையும் தனித்தனி ஜிப் உறைகளில் இடுங்கள். ஈர மை தாளில் ஒட்டினால் ஏடு பாழாகும். துப்பை எழுதியதும், அந்த இடத்தையே அறியாத ஒருவரிடம் கொடுத்து நடக்கச் சொல்லி, நீங்கள் வாய் திறக்காமல் பின்னால் போங்கள். அவர் தயங்கி நிற்கும் இடத்தில் துப்பின் வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள்.