வாசகர் கேட்டவை: கோலார் தங்கவயல்

கேள்வி: கோலாரில் தங்கம் தீர்ந்துபோனதால்தானே சுரங்கத்தை மூடினார்கள்?
(வெள்ளவத்தை வாசகர்)

பதில்: தீரவில்லை. எடுக்கிற செலவுதான் கட்டுப்படியாகாமல் போனது. 1880இல் இலண்டன் ஜோன் டெய்லர் கம்பனி இறங்கிய தொடக்க காலத்தில் ஒரு தொன் கல்லில் பல பத்துக் கிராம் தங்கம் கிடைத்தது. கடைசி ஆண்டுகளில் நாலைந்து கிராம் தேறுவதே பெரும்பாடு. அதற்குள் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீற்றருக்கும் கீழே போய்விட்டது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கு மேல். குளிர்ந்த காற்றைக் கீழே அனுப்பவும், ஊறும் தண்ணீரை மேலே இறைக்கவும், ஆளையும் கல்லையும் ஏற்றி இறக்கவும் இராப்பகலாக மின்சாரம் வேண்டும். 1902இலேயே காவிரி அருவியுள்ள சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கி.மீ. கம்பி இழுத்துக் காவிரி மின்சாரத்தைக் கொண்டுவந்தது இந்தச் சுரங்கங்களுக்காகத்தான். பெங்களூர்த் தெருவிளக்குகளுக்கு அது 1905இல்தான் கிடைத்தது.

செலவைவிடக் கொடியது பாறை வெடிப்பு. தங்கம் ஓடும் குவார்ட்ஸ் கல்லை வெட்டியெடுத்த இடம் வெறுமையாகும். அதுவரை அது தாங்கிய பாரம் பக்கத்துப் பாறையில் இறங்கும். கோலார்ப் பாறை நெகிழ்ந்து கொடுக்காது. இறுகி இறுகித் தாங்கிவிட்டு ஒரு நொடியில் சிதறும். கருங்கல் அடுக்கினார்கள், கொங்கிரீட் நிரப்பினார்கள். அப்படியும் தொழிலாளர் உயிர்கள் போயின. மேலே ஊரில் வீடுகளும் அதிர்ந்தன.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களைப் பொறுப்பேற்றது. 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவானது. 2001 பெப்ரவரி 28ஆம் திகதி சுரங்கங்கள் மூடப்பட்டன. சுமார் 120 ஆண்டுகளில் எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 தொன்.

கேள்வி: அங்கே விஞ்ஞான ஆய்வும் நடந்ததாமே?
(தெஹிவளை மாணவர்)

பதில்: ஆம். வானிலிருந்து விழும் மற்றத் துகள்களைப் பாறை தடுத்துவிடும், நியூட்ரினோ என்னும் மிகச் சிறிய துகள் ஊடுருவி வரும். அதனால் 2 கி.மீ.க்கும் கீழே கருவிகளை வைத்தார்கள். வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் தடயம் 1965இல் அங்கே பதிவானது. உலகில் முதலில் பதிவான இடங்களில் அதுவும் ஒன்று.

கேள்வி: கர்நாடகத்தில் இருக்கும் ஊரில் இவ்வளவு தமிழர் எப்படி? நமக்கும் அவர்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
(கொட்டாஞ்சேனை வாசகி)

பதில்: வட ஆர்க்காட்டிலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் ஆள்சேர்க்கும் மேஸ்திரிகள் மூலம் போனவர்கள். பெரும்பாலோர் நிலமில்லாத தலித் மக்கள். தொடக்கத்தில் மூங்கில் தட்டி வீடுகளில்தான் குடியிருந்தார்கள். குடியிருப்பை அவர்கள் ‘லைன்’ என்பார்கள். நம் மலையகத்து ‘லயம்’ பிறந்ததும் அதே சொல்லிலிருந்துதான்.

இன்னொரு தொடர்பு கொழும்பிலேயே இருக்கிறது. 1898இல் தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர், பிரம்மஞான சபைத் தலைவர் ஒல்கொட்டுடன் இங்கே வந்து, மாளிகாகந்த வித்தியோதய பிரிவெனா என்ற பிக்குகள் கல்விக்கூடத்தின் ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுப் பௌத்தரானார். அவர் தொடங்கிய தமிழ்ப் பௌத்த இயக்கம் வலுவாக வேரூன்றிய ஊர்களில் தங்கவயல் முக்கியமானது. தங்கவயல் என்றதும் தங்கத்தை மட்டும் பேசுகிறோம். அந்தத் தொழிலாளர் தங்கள் கூலியிலிருந்து சங்கம், பள்ளி, பதிப்பு என்று வளர்த்ததைப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய வரலாறு.

கேள்வி: இப்போது போய்ப் பார்க்கலாமா?
(வத்தளை வாசகர்)

பதில்: தாராளமாக. கொழும்பிலிருந்து விமானத்தில் பெங்களூர். அங்கிருந்து ரயிலில் பங்காருப்பேட்டை. அங்கே பிரியும் கிளைப்பாதையின் கடைசி நிலையம் மாரிகுப்பம். பெங்களூரிலிருந்து நேராக மாரிகுப்பம் வரும் ரயில்களும் உண்டு. இரண்டு, இரண்டரை மணி நேரம் பிடிக்கும். ஊர் இன்று உயிரோடு இருப்பது இந்த ரயிலால். சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடியுமுன் ஏறிப் பெங்களூரில் வேலை செய்துவிட்டு இரவு திரும்புகிறார்கள். ஆகவே நீங்கள் எதிர்த்திசையில் போங்கள்: காலையில் பெங்களூரிலிருந்து புறப்பட்டால் நெரிசல் குறைவு.

சுரங்கத்துக்குள் இறங்க முடியாது. கீழ்மட்டங்களில் தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. கைவிட்ட குழிகளின் ஓரத்து மண்ணை நம்பிக் கால் வைக்கக்கூடாது.

ஊரைச் சுற்றியுள்ள சாம்பல் நிற மேடுகளை மலை என்று எண்ணிப் பிள்ளைகளை ஏறவிட வேண்டாம். கல்லை மாவாக இடித்து, சயனைட்டுக் கரைசலில் தங்கத்தைக் கரைத்து, நாகத்தூள் (துத்தநாகப் பொடி) போட்டு அதைப் படியவைத்தபின் மிஞ்சிய கழிவு அது. கோடிக்கணக்கான தொன் இருக்கிறது. பெரும்பகுதியில் புல் பிடிப்பதில்லை. கோடைக் காற்றில் எழும் நுண்தூளில் சிலிக்கா இருப்பதால் மூச்சுக்குக் கேடு. ஆஸ்துமா உள்ளவர்கள் மழைக்குப் பிந்திய மாதங்களில் போவது நல்லது. அந்தத் தூளுக்குள்ளேயே ஆண்டு முழுவதும் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், அதைத் துப்புரவாக்கும் கடமை இன்னும் பாக்கி.

குடிதண்ணீரைக் கையில் கொண்டுபோங்கள். தமிழே போதும், வழி கேட்கச் சிரமம் இராது.