படிகம் கணக்குப் போடுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பொருளறிவியலில் முதுகலை படிக்கிறேன். கால்டெக்கின் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) எரிக் வின்ஃப்ரீ எழுதிய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தேன். டிஎன்ஏ துண்டுகள் படிகமாக வளரும்போதே கணக்குப் போடுகின்றன என்கிறார். இது நிஜமாகவே கணினியியலா, அல்லது படிக வளர்ச்சிக்குக் கவர்ச்சியான பெயரா? என் கைபேசி இதைவிட எவ்வளவோ வேகமாகக் கணக்கிடுமே?

க.

அன்புள்ள க.,

நிஜமாகவே கணினியியல்தான். 1961ல் ஹாவ் வாங் என்ற தர்க்கவியலாளர் ஒரு கேள்வி கேட்டார்: ஓரங்களில் நிறம் பூசிய சதுர டைல்களை, ஒரே நிற ஓரங்கள் மட்டும் சேரும்படி வைத்து, முடிவில்லாத தரையை நிரப்ப முடியுமா? எல்லா டைல் தொகுப்புகளுக்கும் இதற்கு விடை சொல்லும் பொதுவழி கிடையாது என்று அவர் மாணவர் ராபர்ட் பெர்கர் 1966ல் நிரூபித்தார். ஏனென்றால் டைல்களை வரிசை வரிசையாக அடுக்கி ட்யூரிங் இயந்திரத்தையே, அதாவது எந்தக் கணினியும் செய்யும் கணக்கைச் செய்யக்கூடிய கற்பனை இயந்திரத்தையே, ஓட்டிவிடலாம். இதெல்லாம் காகிதத்தில்தான்.

நெட் சீமன் படிகவியலாளர். டிஎன்ஏவால் சட்டகம் கட்டலாம் என்று 1982ல் எழுதியபோது அவருக்கு வேண்டியிருந்தது மூலக்கூறுகளை ஒழுங்காக நிறுத்த ஓர் இடம், அவ்வளவுதான். வின்ஃப்ரீ இந்த இரண்டையும் சேர்த்தார், சீமனின் டிஎன்ஏ துண்டுதான் டைல், நிறத்துக்குப் பதில் ஒட்டும் முனைகள், அதாவது தனக்குப் பொருத்தமான இழையோடு மட்டும் சேரும் டிஎன்ஏ நுனிகள். 1998ல் இருவரும் கூட்டாக இருபரிமாணப் படிகம் வளர்த்துக் காட்டினார்கள்.

உங்கள் துறைக்காரர் கவனிக்க வேண்டியது வெப்பநிலையை. உருகுநிலைக்குச் சற்றுக் கீழே வைத்தால், ஒரு முனை மட்டும் பொருந்திய டைல் கழன்றுவிடும், இரண்டும் பொருந்தினால் நிற்கும். அதாவது ஒவ்வொரு டைலும் இரண்டு பக்கத்து டைல்களைப் படித்துவிட்டுத்தான் உட்காருகிறது. ஒவ்வொரு டைலும் 0 அல்லது 1ஐக் குறிக்கும்; பக்கத்து இரண்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1 என்ற விதியை மட்டும் கொடுத்து 2004ல் சியர்பின்ஸ்கி முக்கோணங்களை (முக்கோணத்துக்குள் முக்கோணமாகத் திரும்பத் திரும்ப வரும் வடிவம்) வின்ஃப்ரீ குழுவினர் வளர்த்தார்கள், அணுவிசை நுண்ணோக்கியில் அவை தெரிந்தன. ஆனால் நூறு டைலுக்கு ஒன்று முதல் பத்து வரை பிழை. ஒரு தப்பு டைல் உட்கார்ந்தால் அதை நம்பி மேலே வளர்வதெல்லாம் தப்பு.

இங்கேதான் எனக்கு வின்ஃப்ரீமேல் பெரிய மரியாதை வருகிறது. மெதுவாக வளர்த்தால் பிழை குறையும் என்பது படிகம் வளர்த்த எவருக்கும் தெரியும், அவர் அதோடு விடாமல், ஒரு டைலின் வேலையை நான்கு டைல்களுக்குப் பங்கிட்டு, ஒரு பிழை நிலைக்க இன்னொரு பிழையும் கூடவே நடந்தாக வேண்டும் என்று ஆக்கினார். பிழைதிருத்தக் கோட்பாடு நேராகப் பொருளின் வடிவமைப்பாகிறது. 2019ல் அவர் குழு 355 டைல்களை வைத்து 21 கணக்கீடுகளை ஓட்டியபோது பிழை சராசரியாக 3,000 டைலுக்கு ஒன்றுக்கும் கீழ்.

சரி, கைபேசி. இங்கே வேகம் ஒரு பொருட்டே இல்லை, கணக்கின் விடையே பொருளாக வந்துவிடுகிறது. பக்கத்துக்கு ஆயிரம் டைல் உள்ள சதுரம் வேண்டும் என்று வையுங்கள். இடத்துக்கு ஒரு வகை என்றால் பத்து லட்சம் வகை டைல் தயாரிக்க வேண்டும். டைல்களே எண்ணிக்கொண்டு வளர்ந்தால், வேண்டிய வகைகள் பக்க நீளத்தின் மடக்கை (logarithm) அளவில்தான், அதாவது மிக மெதுவாகத்தான், கூடும். பால் ராத்மண்டும் வின்ஃப்ரீயும் 2000ல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியது. முதலில் அதைப் படியுங்கள், அப்புறம் சியர்பின்ஸ்கி முக்கோணங்களைப் பற்றிய 2004 கட்டுரையில் பிழைகளைப் பற்றிய பகுதி. எங்காவது சிக்கினால் எழுதுங்கள்.