ஏழாவது ஸ்கேலும் ஒரு டம்ளர் உளுந்தும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொதுத்துறை வங்கி ஒன்றில் 36 வருடம் வேலை பார்த்துப் பொது மேலாளராக ஓய்வு பெற்றேன். இரண்டு வருடம் ஆகிறது. சொந்த வீடு, பென்ஷன், பிள்ளைகள் நல்ல நிலையில். ஒரு குறையும் இல்லை. ஆனாலும் காலையில் பேப்பரை மடித்து வைத்ததும் மனம் வெறிச்சென்று ஆகிவிடுகிறது. ஓயாமல் அடித்த போன் இப்போது அடிப்பதே இல்லை. மனைவிக்கு இந்தப் பிரச்சினை கிடையாது, அவளுக்குச் சமையலறை இருக்கிறது. இவ்வளவு சாதித்தும் எனக்கு நிறைவு ஏன் வரவில்லை? வேதாந்தம் படிக்கலாமா? குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளராகக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

கே., சென்னை

அன்புள்ள கே.,

வேதாந்தம் எங்கும் ஓடிப்போகாது, அப்புறம் படிக்கலாம். செயலாளர் பதவி வேண்டவே வேண்டாம். மூன்றாம் மாதமே பார்க்கிங் பற்றிச் சுற்றறிக்கை அனுப்ப ஆரம்பித்துவிடுவீர்கள்.

வங்கி அதிகாரிகளின் பதவிப் படிகளான ஸ்கேலில் ஒன்றில் அதிகாரியாகி, ஏழில் முடித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு பதவி உயர்வின் சந்தோஷமும் எத்தனை நாள் நின்றது? புது ஊருக்குப் பெட்டி கட்டும் வரை நின்றிருந்தால் பெரிது. ஏறிய உயரம் மனதுக்குப் பழகிவிடும், பழகிய பின் அதுவும் தரைதான். அடுத்த படி என்று ஒன்று எப்போதும் கண்முன் இருந்ததால் இது உங்களுக்கு உறைக்கவில்லை. 60 முடிந்த மாதத்தின் கடைசி நாளன்று மாலை போட்டு, படியை எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. சில வருடத்துக்கு ஒரு மாற்றல். நீங்கள் கையெழுத்துப் போட்ட கடனில் எழுந்த ஆலை ஓடியதா படுத்ததா என்று தெரியவரும்போது நீங்கள் வேறு ஊரில் இருப்பீர்கள். ஒழுங்காக அடைந்த கடனைப் பற்றி யாரும் கடிதம் போடுவதில்லை, கெட்டுப்போனதற்குத்தான் விளக்கம் கேட்டு மெமோ வரும். விதைத்துக்கொண்டே போனீர்கள், அறுப்புக்கு ஒரு தடவையும் இருக்கவில்லை. நிறைவு எங்கிருந்து வரும்?

போன் விஷயம் சின்னது. பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கைக் கம்யூட் செய்து முன்கூட்டியே மொத்தமாக வாங்கியிருந்தால், 15 வருடம் கழித்து அந்தப் பங்கு பென்ஷனில் திரும்ப வந்துவிடும். அந்த அழைப்புகள் வராது. அவை நாற்காலிக்கு வந்தவை. அதற்காக யார்மேலும் கோபப்படாதீர்கள்.

என்னை நிறுத்தி வைத்தது வேறு வரி. ‘அவளுக்குச் சமையலறை இருக்கிறது.’ எழுதும்போது கை கூசவில்லையா உங்களுக்கு? அவருக்கு எந்த மாதத்தின் கடைசி நாளில், யார் மாலை போட்டார்கள்? நீங்கள் வீட்டில் உட்கார்ந்த பிறகு பதினோரு மணிக் காபியும் அவர் கணக்கில் ஏறியிருக்கும். சரி, அந்தச் சமையலறைக்குள் நீங்களும் போங்கள். வாரம் இரண்டு முறை இட்லி மாவு இனி உங்கள் வேலை. மேற்பார்வை கிடையாது. மசாலா டப்பாவுக்கு லேபிள் ஒட்டுவது, எண்ணெய்ச் செலவுக்கு எக்செல் போடுவது, இதெல்லாம் வேலை இல்லை, ஆடிட்.

4 டம்ளர் இட்லி அரிசி, 1 டம்ளர் முழு வெள்ளை உளுந்து, 1 டீஸ்பூன் வெந்தயம். அரிசியும் வெந்தயமும் தனித்தனியாக 4 மணி நேரம் ஊறட்டும், உளுந்துக்கு 1 மணி நேரம் போதும். கிரைண்டரில் முதலில் வெந்தயத்தை ஓடவிட்டு, பிறகு உளுந்தைப் போடுங்கள். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் உளுந்து நீர்த்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கை தெளித்து, 25 நிமிடமாவது ஓட வேண்டும். ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்கணும். மூழ்கினால் இன்னும் அரையுங்கள். அரைத்தும் மிதக்கவில்லை என்றால் உளுந்து பழசு, அது உதவாது. புளிக்கும்போது உண்டாகும் வாயுவை அந்த நுரைதான் பிடித்து வைக்கிறது. நுரை இல்லாத மாவு புளிக்கும், பொங்காது. அரிசியைச் சன்ன ரவைப் பதத்தில் எடுங்கள். நைசாகிவிட்டால் இட்லி பசையாக ஒட்டும். உப்புப் போட்டுக் கையால் கலக்குங்கள். மே மாதத்தில் 7 மணி நேரத்தில் பொங்கிவிடும், மார்கழியில் 12 மணி நேரம்கூட ஆகும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள்.

முதல் ஈடு கல்லாகத்தான் வரும். வரட்டும். இங்கே நீங்கள் ஸ்கேல் ஒன்று. உங்கள் மனைவி கரண்டியால் மாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார். அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரியவே ஆறு மாதம் ஆகும். ஆனால் ராத்திரி செய்த வேலையின் பலன் காலையில் தட்டில் இருக்கும். 36 வருடத்தில் உங்களுக்கு அது வாய்க்கவில்லை.

பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு ஊற்றாதீர்கள், சித்திரையில் வழிந்து மேடை முழுக்க ஓடும். அரைத்த கையோடு கல்லைக் கழுவிவிடுங்கள், காய்ந்துவிட்டால் பிரஷ் போட்டுச் சுரண்ட வேண்டியிருக்கும். அதையும் அவர் தலையில் கட்டினால் எனக்கு மறுபடி கடிதம் போடாதீர்கள்.