பழைய ஒயினை உணவகத்துக்குக் கொண்டுபோவது பற்றி

திருமண நாளுக்கென்று எடுத்து வைத்த பழைய சிவப்பு ஒயினை உணவகத்துக்குக் கொண்டுபோனால் தப்பாக நினைப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். மேசை பதிவு செய்யும்போதே அனுமதி உண்டா, கார்க்கேஜ் கட்டணம் (நாம் கொண்டுபோகிற பாட்டிலைத் திறந்து பரிமாற உணவகம் வாங்கும் தொகை) எவ்வளவு என்று கேட்டுவிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கட்டணம் பெரும்பாலும் 750 மில்லி பாட்டில் கணக்குதான், 1.5 லிட்டர் பாட்டிலைப் பல இடங்களில் இரண்டாக எண்ணுவார்கள். அவர்கள் பட்டியலிலேயே அந்த ஒயின் இருந்தால் மட்டும் வேண்டாம், அது மரியாதையாக இருக்காது. அப்புறம், பழையது என்பதால் முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் தங்கட்டும், போகிற வழியில் குலுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தக்கை மக்கியிருந்தால் பாதியில் உடைந்து உள்ளே விழும், அதனால் திறக்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவருக்கும் ஒரு வாய் ருசி பார்க்கக் கொடுங்கள்.