டிரான்சிட் ரிமாண்ட் என்றால் என்ன? கேரள போலீஸ் கோவைக்கு வந்து கைது செய்யலாமா?

செய்யலாம். வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமென்றால், ஆளைத் தேடி இந்தியாவில் எங்கேயும் போக போலீசுக்கு அதிகாரம் உண்டு (2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., 45-ஆம் பிரிவு). கேரள எல்லையான வாளையாரைத் தாண்டிவிட்டால் தப்பித்தோம் என்பதெல்லாம் டீக்கடைப் பேச்சு.

ஆனால் பிடித்தவரை இஷ்டத்துக்கு வைத்திருக்க முடியாது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. கைது சரியா தப்பா என்பதைக் கைது செய்தவரே முடிவு செய்யக் கூடாது, அதற்குத்தான் இந்தக் கெடு. வழக்கு நடக்கும் கோர்ட் தொலைவில் இருந்தால், பிடித்த ஊர் மாஜிஸ்திரேட்டிடம் காட்டி, கொண்டுபோக உத்தரவு வாங்குவார்கள். அதுதான் டிரான்சிட் ரிமாண்ட். சரக்கு லாரிக்கு வழியில் இ-வே பில் கேட்பார்களே, ஏறக்குறைய அப்படி. பாலக்காடு வழக்கென்றால் 50 கிலோமீட்டர் சொச்சம்தான். நேராக அந்தக் கோர்ட்டுக்கே போய்விடலாம். காசர்கோடு என்றால் கதை வேறு.

எங்கே பிடித்தாலும் காரணத்தைச் சொல்வதும் வீட்டாருக்குத் தகவல் தருவதும் கட்டாயம்.

அப்புறம், 25-ஆவது மணி ஆனதுமே விட்டுவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கோர்ட்டுக்குப் போகத் தேவைப்படும் பயண நேரம் அந்தக் கணக்கில் சேராது, வழியில் லாட்ஜில் உட்காரவைத்த நேரம் சேரும்.