ஹாகிஸ் பந்தியில் வெளியாருக்கும் இலை உண்டா?

கேள்வி: கிளாஸ்கோவில் வசிக்கும் என் மகளின் குடியிருப்பில், ஜனவரி கடைசியில் ராபர்ட் பர்ன்ஸ் என்ற கவிஞரின் பெயரால் விருந்து நடத்துகிறார்கள், பல நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களும் கலந்துகொள்கிறார்களாம். ஸ்காட்லாந்தின் தேசியக் கவிஞர் விழாவில் வெளியாருக்கு என்ன வேலை? சைவமான நான் அங்கே எதைச் சாப்பிடுவது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: சாப்பாட்டிலிருந்தே தொடங்குகிறேன். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரல் ஆகியவற்றை ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகு சேர்த்து இரைப்பையில் அடைத்து வேகவைத்த ஹாகிஸைப் பேக்பைப் என்ற துருத்தி வாத்தியம் முழங்க எடுத்துவருவார்கள். அந்தப் பண்டத்தையே விளித்து பர்ன்ஸ் 1786இல் பாடிய கவிதையை ஒருவர் சொல்லிக்கொண்டே வந்து, உரிய வரியில் கத்தியால் அதைக் கீறித் திறப்பார். பிரெஞ்சுப் பதார்த்தங்களை ஏளனம் செய்து, குடியானவர் உணவை அரியணை ஏற்றும் பாட்டு அது. நீங்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பருப்பும் காய்கறியும் கொண்ட சைவ ஹாகிஸ், எடின்பரோவில் 1984இல் கவிதை நூலகம் ஒன்றின் திறப்பு விழாவுக்காகவே உருவானது.

அடுத்து, வெளியார் பற்றி. பர்ன்ஸ் இறந்து ஐந்தாம் ஆண்டில், 1801இல், அவர் பிறந்த அல்லோவே குடிசையில் ஒன்பது பேர் கூடி உண்டதுதான் முதல் விருந்து. பின்னர் அது பிறந்தநாளான ஜனவரி 25க்கு மாறியது. 1707இல் இங்கிலாந்தோடு இணைந்தபின் படித்தவர்கள் ஆங்கிலத்துக்குத் தாவிக்கொண்டிருந்த காலத்தில், ஊர்ப்பேச்சான ஸ்காட்ஸில் எழுதி அதற்கு மதிப்புத் தேடித்தந்தவர் அவர். ஆகவே அந்தப் பந்தியில் நாட்டுப்பற்று என்பது பெரும்பாலும் ஒரு மொழியை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதுதான். அதற்குப் பரம்பரை வேண்டியதில்லை, நாக்கு வளைந்தால் போதும். கனடாவின் வான்கூவரில் 1998 முதல் சீனப் புத்தாண்டோடு சேர்த்தே இதைக் கொண்டாடியிருக்கிறார்கள். உங்கள் மகளின் ஊரிலோ ஹாகிஸ் பக்கோடாவே கிடைக்கிறது.

ஆனால் கவிஞரை மாசற்றவராக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. மனிதர் எல்லோரும் ஒன்றே என அவர் எழுதிய பாட்டு 1999இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் திறப்பில் ஒலித்தது. அவரேதான் 1786இல், அடிமைகள் உழைத்த ஜமைக்கா தோட்டமொன்றில் வேலைக்குப் போகவிருந்தார். முதல் நூலின் 612 படிகளும் விற்றுத் தீர்ந்த பிறகே அந்த எண்ணத்தைக் கைவிட்டார். பல நாட்டார் அமரும் பந்தியில் நினைவுரை ஆற்றுபவர் இதையும் சொல்ல வேண்டும்.

இறுதியில் எல்லோரும் வட்டமாக நின்று பழைய நட்பைப் பாடுவார்கள். கைகளைக் குறுக்காகக் கோத்துக்கொள்வது கடைசிச் சரணத்தில்தான். அவசரப்பட்டு முதலிலேயே கோத்துவிடாதீர்கள்.