முகாமுக்கு அனுப்பலாமா என்று கேட்ட தாய்க்கு

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். காரைக்குடியில் இளநிலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாமுக்குத் தங்களைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டாள் என்றும், பட்டம் முடித்ததும் சமூகப்பணியில் முதுநிலை படிக்கப் போவதாகச் சொல்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். "வேலைக்குப் போகத்தான் படிக்க வைத்தோம், தெருத் தெருவாக அலைவதற்கு இல்லை" என்ற வரியில் கோபத்தைவிட அச்சமே அதிகம் தெரிகிறது. முகாம் நடக்கும் ஊரில் எந்தத் தெருவுக்கெல்லாம் போவாள், உறவினர்கள் அறிந்தால் என்ன பேசுவார்கள் என்பதையும் மறைக்காமல் கேட்டிருக்கிறீர்கள். ஆகவே நானும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முகாம் எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாட்டு நலப்பணித் திட்டம், காந்தியடிகளின் நூற்றாண்டான 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களுடன் தொடங்கப்பட்டது. இதில் சேர்பவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்து, கல்லூரி தேர்ந்தெடுக்கும் கிராமத்தில் ஏழு நாள் முகாமையும் முடிக்க வேண்டும். அந்த 120 மணி நேரத்தை ஆண்டு முழுவதற்கும் பிரித்துப் பார்த்தால் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்கூட வராது. இதனால் மதிப்பெண் சரிந்துவிடும் என்ற கவலை வேண்டாம். கைப்பேசிக்குப் போகும் நேரம் இதைவிடப் பல மடங்கு.

என்னுடைய கவலை வேறொன்று. நான் மாணவனாக இருந்தபோது சென்ற முகாம் ஒன்று இன்றும் மனதை அறுக்கிறது. ஊர், கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். ஆறு நாட்கள் கோவில் வாசலையும், ஊரணிக் கரையையும், பெரிய வீடுகள் இருந்த தெருக்களையும் பெருக்கினோம். கருவேல முள்ளை வெட்டினோம். மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். ஊரின் கடைசியில் இருந்த ஆதிதிராவிடர் குடியிருப்புக்கு எங்களை ஒருவரும் அழைத்துச் செல்லவில்லை. நாங்களும் ஏன் என்று கேட்கவில்லை. ஏழாம் நாள் நிறைவு விழாவில், அங்கிருந்து வந்த ஒரு பெரியவர் பந்தலுக்கு வெளியே நின்றபடி, "எங்க பக்கம் குழாய்ல தண்ணி வந்து ரொம்ப நாளாச்சு, அதையும் எழுதிக்கிடுங்க தம்பி" என்றார். எழுதிக்கொண்டேன். எழுதிய தாளை யாரிடம் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை; எங்களை அழைத்துச் சென்றவர்களும் சொல்லித்தரவில்லை. அது பல மாதங்கள் என் நோட்டுக்குள்ளேயே கிடந்தது.

அந்தத் தாளை எங்கே கொடுக்க வேண்டும் என்பதை இன்று ஒரு மாணவிக்கு அரை மணி நேரத்தில் சொல்லித்தர முடியும். ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் அங்கே எழுந்து பேசலாம். குறையைத் தீர்மானமாகப் பதிவு செய்யும்படி கேட்கலாம். பதில் வராவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்துடன் மனு கொடுத்தால், 30 நாட்களுக்குள் அலுவலகம் பதில் தர வேண்டும். முகாமுக்குப் போகும் மாணவி இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு போனால், அந்தப் பெரியவரைப் போன்ற ஒருவரின் சொல் நோட்டுக்குள் முடங்காது. தங்கள் மகள் போவதில் எனக்கு மறுப்பில்லை. துடைப்பமும் பதாகையும் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு மட்டும் திரும்பிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

நம் பகுதிக்குத் தர்மம் புதிதல்ல. ஊரணி வெட்டியவர்களும், சத்திரம் கட்டியவர்களும், பாடசாலை நடத்தியவர்களும் இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். வள்ளல் அழகப்பர் 1947இல் கல்லூரியைத் தொடங்கியதோடு, சிக்ரி என்று நாம் அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். தங்கள் மகள் இன்று காரைக்குடியில் வேதியியல் படிக்கிறாள் என்றால், அதில் அந்தக் கொடைக்கும் பங்கு உண்டு.

ஆனால் ஓர் ஊர் எவ்வளவு கொடுத்தது என்பதை மட்டும் வைத்து அங்கே நியாயம் இருந்ததா என்று சொல்லிவிட முடியாது. ஊரணியை வெட்டியவர் பெயர் கல்லில் இருக்கும். அதில் யார் குடம் வைக்கக் கூடாது என்று விதித்தவர் பெயர் எந்தக் கல்லிலும் இருக்காது. இந்தப் பகுதியும் சேர்ந்திருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. ஆண்கள் சட்டை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. பெண்கள் மேலாடையால் உடலை மூடக் கூடாது, பூச்சூடக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்று அவை நீண்டன. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பழங்கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. கண்டதேவிக் கோவில் தேரின் வடத்தை எந்தச் சாதியார் பிடிக்கலாம் என்ற கேள்வி நீதிமன்றம் வரை சென்றதையும், பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற தேர் 2024இல் ஓடியதையும் தேவகோட்டைக்கு அருகில் வாழும் தாங்கள் நேரிலேயே அறிவீர்கள். தர்மம் செய்பவருக்கு மனம் இருந்தால் கிடைக்கும். உரிமையோ, எவர் மனம் எப்படி இருந்தாலும் கிடைத்தாக வேண்டும். சமூகநீதிப் பணி என்று மகள் சொல்வது இந்த இரண்டாவதை. தங்களுக்குப் புதிதாகத் தோன்றுவதும் அதுவே என்று நினைக்கிறேன்.

அந்தப் பணி அன்றாடத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு, ஆலோசனைக்காக என்னிடம் வரும் ஒரு மாணவர் செய்ததைச் சொல்கிறேன். கணவரை இழந்த ஒரு மூதாட்டியின் ஓய்வூதிய மனு திரும்பத் திரும்ப நின்றுபோனது. அவர் இரண்டு உறைகளில் வைத்திருந்த காகிதங்களைத் திண்ணையில் பரப்பிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. குடும்ப அட்டையில் அவர் பெயர் 'அம்மை' என்று முடிந்தது. ஆதாரில் 'அம்மாள்' என்று முடிந்தது. கணவரின் இறப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்தே வேறாக இருந்தது. இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம் என்று நான்கு முறை அவரோடு சென்று, ஒவ்வோர் எழுத்தாகச் சரிசெய்த பிறகே மனு நகர்ந்தது. 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட அந்த மாதத் தொகை, வசதியான குடும்பத்துக்கு ஒரு நாள் செலவு; அந்த மூதாட்டிக்கு மருந்தும் அரிசியும். எந்த அலுவலகத்தில் எந்தக் கையெழுத்து, அது ஏன் தாமதமாகிறது, எந்தக் குரலில் கேட்டால் பதில் வருகிறது என்று அந்த மாணவர் கற்றுக்கொண்டதை எந்தப் பாடநூலும் அவருக்குத் தந்திருக்காது.

வேதியியல் வீணாகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. கரைந்துள்ள மொத்த உப்புகளுக்கு அந்த எல்லைகள் லிட்டருக்கு 500, 2,000 மில்லிகிராம். முகாம் கிராமத்தின் ஆழ்துளைக் கிணறு, கைப்பம்பு, ஊரணி ஆகிய ஒவ்வொன்றிலும் தண்ணீர் எடுத்து, கல்லூரி ஆய்வகத்தில் சோதித்து, எந்தத் தெரு எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது என்று ஒரே தாளில் எழுதி, அடுத்த கிராம சபையில் வைக்கும் வேலையை வேதியியல் மாணவியைவிட நன்றாக யார் செய்வார்கள்? குன்றக்குடி அடிகளார் தம் ஊருக்குக் கிராமத் திட்டம் வகுத்தபோது சிக்ரியின் விஞ்ஞானிகளையும் துணைக்கு அழைத்துக்கொண்டார் என்பதை இந்த இடத்தில் நினைவூட்டுகிறேன்.

அதேபோல் ஆத்தங்குடிக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கித் தளக்கல் செய்பவர்களின் கைகளை அருகிலிருந்து பார்த்தால், சிமெண்டு தின்ற விரல் நுனிகள் தெரியும். அவர்களில் எத்தனை பேர் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவதே ஒரு பருவத்துக்குப் போதுமான பணி. பதிவு செய்தவரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியமும் உண்டு. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டால் அவை கைநழுவிப் போகும்.

கல்லூரிக்குள் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கம், இளையோர் செஞ்சிலுவைச் சங்கம் போன்றவையும் உண்டு. எல்லாவற்றிலும் பெயர் கொடுக்க வேண்டாம். ஒரு கிராமம், ஒரு பிரச்சினை, இரண்டு ஆண்டு என்பதே மாணவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு. சட்டத்தில் ஆர்வம் இருந்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கீழ்ச் சட்டத் தன்னார்வலராக வழி இருக்கிறதா என்று விசாரிக்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் முதலானோருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது. அதை அறியாதவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள்.

இனி வேலை. சமூகப்பணி முதுநிலைக்கு எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். 1936இல் தொடங்கிய மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம், 1952இல் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி, திண்டுக்கல் அருகே காந்திகிராமப் பல்கலைக்கழகம் ஆகியவை நான் முதலில் சொல்லும் பெயர்கள். படித்து முடித்தவர்கள் மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணியாளராகவும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளிலும், தொண்டு நிறுவனங்களிலும் சேர்கிறார்கள். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டியிருப்பதால், அந்தப் பிரிவுகளிலும் இடங்கள் உண்டு. இளம் பட்டதாரிகளை அரசுத் திட்டங்களில் பணியாற்ற வைப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் கடும் போட்டி உள்ளது. கள அனுபவம் உள்ளவர்கள் அங்கே தனித்துத் தெரிவார்கள். ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: முதல் சில ஆண்டுகளில் சம்பளம் குறைவாக இருக்கும், பல பணிகள் ஒப்பந்த அடிப்படையில் இருக்கும். வீட்டின் கடன் சுமை மகளின் முதல் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கிறது என்றால், அதை இப்போதே அவளிடம் கணக்கோடு சொல்லிவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் வேதியியல் முதுநிலைக்கும் சமூகப்பணிக்கும் சேர்த்தே விண்ணப்பித்து, முடிவைக் களம் கற்றுத்தந்த பிறகு எடுக்கலாம்.

பாதுகாப்பைப் பற்றி எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள். அது தங்கள் உரிமை. மாணவிகள் இரவில் எங்கே தங்குகிறார்கள், பெண் பேராசிரியர் ஏழு இரவும் உடன் இருக்கிறாரா, கழிப்பறையும் தண்ணீரும் எப்படி, உடல்நலம் குன்றினால் அருகில் எந்த மருத்துவமனை, புகார் என்றால் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவில் யாரை அழைப்பது என்று திட்ட அலுவலரிடம் நேரில் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அனுப்ப வேண்டாம் என்று நானே சொல்வேன்.

உறவினர்கள் பேசுவார்கள் என்ற கேள்விக்கு நான் சுற்றி வளைக்கப் போவதில்லை. பேசக்கூடும். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கச் சென்ற பெண்களும், முதன்முறையாகச் சைக்கிள் ஏறிய பெண்களும் எவ்வளவோ பேச்சைக் கேட்டார்கள். அவர்கள் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. பேசியவர்களின் வீட்டுப் பெண்களும் பிறகு ஓட்டினார்கள். தங்கள் மகள் முகாம் நடக்கும் ஊரின் ஆதிதிராவிடர் குடியிருப்பில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, அந்த வீட்டுப் பிள்ளைக்கு உதவித்தொகை மனு எழுதித் தந்தால், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. "எந்தத் தெருவுக்குப் போனாய்" என்று யாராவது கேட்டால், அவளை முந்திக்கொண்டு தாங்களே பதில் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய துணை அவளுக்கு வேறு இல்லை.

முகாமுக்கு முன்பாக ஒன்று செய்யலாம். வரும் அக்டோபர் 2 அன்று தங்கள் ஊராட்சியின் கிராம சபைக்கு மகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். அங்கே யார் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், யார் ஓரமாக நின்றார்கள், எந்தத் தெருவின் குறை தீர்மானப் புத்தகத்தில் ஏறியது, எது ஏறவில்லை என்று இருவரும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு தாள்களோடு அடுத்த வாரம் காரைக்குடிக்கு வந்தால், முகாமில் அவள் எதைக் கையில் எடுக்கலாம் என்று மூவரும் உட்கார்ந்து பேசலாம்.